மட்காட்டில் இரண்டு சிவப்பு

மச்சான்,

இன்றைக்குக் காலையில் பிலோ உன் கிளாசைக் கழுவிப்போட்டாள்.

அவளில் பிழை இல்லை. கோயில் திருநாள் வருகிறது, வீடு முழுக்கக் கழுவுகிறாள். ஜன்னல் கம்பியைக் கழுவினாள், கதிரைக் காலைக் கழுவினாள், கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் புருசன் என்னையும் கழுவிக் கொடியில் போட்டுவிடுவாள். அலுமாரிக்கு மேலே, பழைய சாரத் துண்டில் சுற்றி நான் ஒளித்து வைத்திருந்தது அவள் கையில் அகப்பட்டுவிட்டது. கிளாசின் அடியில் மஞ்சளாக ஒரு வட்டம் இருந்தது, கள்ளுக் காய்ந்த கறை. மூக்கை உள்ளே விட்டால் வினாகிரி மணக்கும். ஏழு மாதமாக நான் அதைக் கழுவவில்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இறக்கி, மணந்து பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றி வைப்பேன். உன் வாய் பட்ட கடைசிச் சாமான் அது.

அவள் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, "எப்பிடி மினுங்குது பாருங்க" என்றாள்.

"ஓம், புதுப்பொம்பிளை மாதிரி இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பிறகு நான் ஓட்டிப் பிழைக்கிற திரீவீலுக்குள் வந்து இருந்து, மழைத் திரையை இரண்டு பக்கமும் இழுத்து விட்டுக்கொண்டு என் கையை நானே கடித்தேன். இப்போதும் அதற்குள் இருந்துதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான், கடிதம் எழுதுவது எனக்குச் சரிவராத வேலை. ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் சிரி. நீ சிரித்தால் அதுவே காணும்.

எங்கள் பக்கத்தில் இத்தாலிக்குப் போனவன் எல்லாம் மாடி வீடு கட்டினான், வாசலில் சிங்கம் வைத்தான். நீ ஒன்பது வருசம் இருந்துவிட்டு ஒரு டென்டும் ஆறு கிளாசும் கொண்டுவந்தாய். அந்த ஆறில் ஐந்து பெட்டிக்குள்ளேயே நொறுங்கிப்போய் இருந்தது. மிஞ்சின ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இது வைன் ருசி பாக்கிற கிளாஸ்டா" என்றாய். நீளமாய் ஒற்றைக் கால், மேலே உருண்டை வயிறு. "கொக்கு மாதிரி இருக்கு" என்றேன். அன்றிலிருந்து அதற்குப் பெயர் கொக்கு, உனக்குப் பெயர் இத்தாலி. சிலாபத்தில் உன் ஞானஸ்நானப் பெயர் தெரிந்த ஆட்கள் சுவாமியும் தபால்காரரும் மட்டும்தான்.

அங்கே உனக்குத் திராட்சைத் தோட்டத்தில் பீப்பா கழுவுகிற வேலை. ஆவணியில் லீவு விட்டால் ஒரு ஓட்டைக் காரில் டென்டைப் போட்டுக்கொண்டு தனியாக வெளிக்கிடுவாயாம். தோட்டம் தோட்டமாகப் போவாயாம். போகிற இடமெல்லாம் ஒரு வாய் வைன் ருசி பார்க்கத் தருவார்களாம், பின்னேரம் மரத்துக்குக் கீழே டென்ட் அடித்துப் படுப்பாயாம். நான் நம்பவில்லை.

"துணைக்கு ஒருத்தனும் வரமாட்டேன் எண்டிருப்பான், அதைச் சொல்லேன்" என்றேன்.

"தனியாப் போனா ஒருத்தனுக்கும் பொய் சொல்லத் தேவையில்லடா" என்றாய்.

"அப்ப நான் வரல்ல. பொய் சொல்லாம ஒரு நாள் முழுக்க எனக்கு இருக்க ஏலாது."

நீ வந்த வருசமே என்னை இழுத்துக்கொண்டு போனாய். கச்சான் காற்று அடித்து, மண் எல்லாம் காய்ந்து, திரீவீலுக்கு ஓட்டம் குறைகிற காலம். உன் டென்ட், என் வண்டி, சாரத்தில் சுற்றின கொக்கு, ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி எதற்கு என்று கேட்டேன். "பாப்பாய்" என்றாய்.

இங்கே திராட்சை இல்லை, தென்னை இருக்கிறது. "ரெண்டும் தானாப் புளிக்கிற சாமான்தானே. அங்க தோட்டத்துக்குத் தோட்டம் ருசி மாறும், இங்க மரத்துக்கு மரம் மாறும்" என்றாய். பங்கதெனியவில் ஒரு வாய், முந்தலில் ஒரு வாய், மதுரங்குளிக்கு உள்ளே ஒரு வாய். பாலாவிச் சந்தியில் உப்பளத்தைப் பார்த்தபடி இருக்கிற தேத்தண்ணிக் கடையில் நிற்பாட்டுவோம். கடைக்கார முஸ்லிம் நானா தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். நம் இரண்டு பேரையும் வாசலிலேயே மறித்து, "வெளியில கிடக்கிற வாங்குப் பலகையில இருங்க. உங்கட வாய் மணத்துக்கு என்ட பால் திரைஞ்சு போகும்" என்பார். ஆனால் ஏலக்காய் போட்டு இரண்டு தேத்தண்ணி நாம் கேட்க முதலே வந்துவிடும். அதைக் குடித்துவிட்டுப் புத்தளம் தாண்டி, வண்ணாத்திவில்லு தாண்டி, ரோட்டு ஓரம் எல்லாம் இரத்தம் மாதிரிச் சிவந்த மண், அப்படியே எலுவன்குளம். காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம் அங்கே. ஆற்றங்கரையில் டென்ட். மறுநாள் விடியக் கள்ளு. மத்தியானத்துக்குப் பிறகு வீடு. ஒன்றரை நாள். இந்த ஒன்றரை நாளை மறக்காதே, பிறகு வரும்.

அங்கேதான் மரியான் அண்ணன். நம் சிலாபத்து ஆள், அங்கே காணி பிடித்துக் குடியிருந்து பத்துத் தென்னையில் பாளை சீவுகிறார். முதல் நாள் நீ கொக்கில் கள்ளை ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குக் கன்னம் உருட்டினாய். மனுசன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தது நீ வாளியில் துப்பினாய்.

"என்ன தம்பி, பழுதா?"

"இல்ல அண்ணன். அருமையான சாமான்."

"அருமையான சாமானைத் துப்புறதா? மரத்தில ஏறி இறங்கினது நான், துப்புறது நீங்களா?"

"விழுங்கினா அடுத்த இடத்துக்கு வண்டி ஓட்ட ஏலாது அண்ணன்."

"வண்டி ஓட்டத்தான் இவர் இருக்கிறாரே" என்று என்னைக் காட்டினார். ஆனால் நான் அதற்குள் இரண்டு சிரட்டை விழுங்கிவிட்டு மணலில் மல்லாந்து கிடந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். வண்டி என்னுடையது, விழுங்குகிறது நான், துப்புகிறதும் ஓட்டுகிறதும் நீ. நீ துப்புவதை நான் எவ்வளவு நக்கல் அடித்திருப்பேன். "இவன் கலியாண வீட்டுச் சோத்தையும் மென்று துப்பிப்போட்டு வாறவன்" என்று உன் மனுசி ரீட்டா தங்கச்சியிடமும் சொல்லியிருக்கிறேன்.

பத்து மரத்தில் ஒரு மரம் மட்டும் தள்ளி, ஆறு வளைகிற இடத்தில் தனியாக நின்றது. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வந்து அதன் வேரை நனைத்துவிட்டுப் போகும். அதன் கள்ளை உருட்டிப் பார்த்துவிட்டு நீ கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். "முதல்ல இனிப்பு, பிறகு புளிப்பு. எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா ஒரு சொட்டு உப்பு வருது பார்." எனக்கு ஒன்றும் வரவில்லை. "வருது வருது, எனக்கு மாசிக் கருவாடும் வருது" என்றேன்.

பிறகு அந்த விளையாட்டு. உன் கண்ணைத் துவாயால் கட்டிவிட்டு, போத்தல்களில் ஒன்றை எடுத்துக் கொக்கில் ஊற்றுவேன். எந்த ஊர், எந்த மரம் என்று நீ சொல்ல வேண்டும். சரி என்றால் நான் "சரி" என்பேன். நீ பிழை விட்டதே இல்லை. ஒருமுறை முந்தலையும் மதுரங்குளியையும் கலந்து தந்தேன். "ஒரு கிளாசுக்குள்ள ரெண்டு மரம் சண்டை பிடிக்குது. நீ மனுசனாடா?" என்றாய். உன் நாக்கை ஏமாற்ற எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. இதை நான் தெரிந்து வைத்திருந்தேன் மச்சான். தெரிந்து வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

போன மார்கழி நத்தாருக்கு முந்தியே உன் தொண்டையில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். தை முடிய, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு வேலி. காலையும் மாலையும் வருவேன், கதைப்பேன், ஊர்ப் பகிடி எல்லாம் கொண்டுவந்து கொட்டுவேன். ஒன்றைக் கவனித்தேன். நான் இருக்கிற நேரம் நீ இருமுவதில்லை. ஒருமுறையும் இல்லை. கண் கலங்கும், கழுத்து நரம்பு எழும்பும், தலையணையைப் பிடித்துக்கொள்வாய், ஆனால் இருமமாட்டாய். என் பகிடிக்குத்தான் இருமல் நிற்கிறது என்று நினைத்தேன். ரீட்டாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "பாத்தியா தங்கச்சி, நான் வந்தா இருமல் ஓடிப்போகுது. எனக்கொரு வெள்ளைக் கோட்டுத் தைச்சுக் குடு." அவள் குசினிக்குள் போனாள். நான் என்ன மடையன், அவளுக்குப் பகிடி விளங்கவில்லை என்று நினைத்தேன்.

மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை நீ என் கையைப் பிடித்து, காற்று மாதிரிப் போயிருந்த குரலில் கேட்டாய்.

"எலுவன்குளம் போய் வா. அந்தத் தனி மரத்துக் கள்ளு ஒரு வாய் வேணும்."

"இப்பவா?"

"நாளைக்குக் காலம போ. டென்டையும் கொண்டு போ. ஆறுதலா இருந்து விடியக் கள்ளு எடுத்துக்கொண்டு வா. ஓடிப்போய் ஓடி வராதே."

"தனியாவா?"

"தனியாப் போ. ஒருத்தனுக்கும் பொய் சொல்லத் தேவையில்ல" என்று சிரித்தாய்.

செவ்வாய்க்கிழமை காலையில் டென்டைக் கட்டி, ஜன்னலுக்கு நேரே வந்து ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டிவிட்டு வெளிக்கிட்டேன். பங்கதெனிய வரைக்கும் போனேன். அங்கே பிரேக்கை மிதித்தேன். ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளுக்குள் நீ போய்விட்டால்? கள்ளும் கையுமாகச் செத்த வீட்டுக்கா வந்து இறங்குவேன்? ரோட்டோரம் நின்று யோசித்தேன். யோசிக்கத் தெரியாதவன் யோசித்தால் இப்படித்தான் ஆகும். வண்டியைத் திருப்பினேன்.

திருப்பினவன் நேரே உன்னிடம் வந்திருக்க வேண்டும். "எனக்கு ஏலாதுடா, பயமா இருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ ஆசையாய்க் கேட்ட ஒன்றை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். நம் ஊர்க் கள்ளுத் தவறணையில் ஒரு போத்தலுக்குச் சொல்லி வைத்தேன். வண்டியை என் தம்பி கொப்பரா காய வைக்கிற வாடிக்குப் பின்னால் ஒளித்தேன். கொல்லைப் பக்கத்தால் என் வீட்டுக்குள் புகுந்து, எலுவன்குளம் போனவனாக ஒன்றரை நாள் படுத்துக்கிடந்தேன்.

அப்போதுதான் உன் இருமல் கேட்டது.

மச்சான், அதை எப்படி எழுதுவது. அது இருமல் இல்லை. யாரோ தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. நிற்கும், நீ அம்மா என்பாய், திரும்பத் தொடங்கும். செவ்வாய் பகல் முழுக்க, புதன் காலை முழுக்க. இரண்டு வேலிக்கு இங்கால நான் தலையணையைக் காதில் அமத்திக்கொண்டு கிடந்தேன். ஓடிவரலாம். இருபது அடி. ஓடிவந்தால் எலுவன்குளம் போகவில்லை என்பது தெரிந்துவிடும். பிலோ உன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடந்து நடந்து அழுதாள். "போங்களேன், போய்ப் பாருங்களேன், என்னத்துக்கு இந்த நாடகம்" என்றாள். "இவ்வளவு நேரம் ஒளிஞ்சிருந்துட்டு இப்ப எங்கேயிருந்து வந்தேன் எண்டு சொல்றது?" என்றேன். இப்படி ஒரு கேள்வியைக் கேட்ட வாய் இது.

இன்னும் கேள். வண்டிச் சில்லில் சிவப்பு மண் இல்லாமல் வந்தால் நீ பிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். நம் ஊரில் எல்லாம் வெள்ளை மணல். கொல்லையில் கிடந்த உடைந்த செங்கல் இரண்டை எடுத்து, சாக்கை விரித்து, சுத்தியலால் இடித்தேன். சத்தம் உனக்குக் கேட்கக் கூடாதே. அதனால் நீ இருமும்போது மட்டும் இடித்தேன். நீ நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். நீ தொடங்கினால் நானும் தொடங்குவேன். இரண்டு செங்கல்லும் தூளாகிற அளவுக்கு நீ இருமினாய்.

புதன் பின்னேரம் தூளைத் தண்ணீரில் குழைத்து வாடியடியில் வைத்துச் சில்லுக்கும் அதற்கு மேலே மூடியிருக்கிற மட்காட்டுக்கும் பூசினேன். தவறணைக் கள்ளில் ஒரு கிள்ளு உப்புப் போட்டுக் குலுக்கினேன். சுற்றிப் போய்ப் பெரிய ரோட்டால் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து இறங்கினேன். இருமல் நின்றது.

"யானை மறிச்சுதடா" என்று தொடங்கி, இல்லாத யானைக்குத் தந்தமும் வைத்துக் கதை விட்டேன். நீ ஜன்னலால் வண்டியைப் பார்த்தாய். கொக்கைக் கேட்டாய். ரீட்டா உன் கையோடு கை சேர்த்துப் பிடித்தாள். சுழற்றினாய், மணந்தாய், ஒரு வாய் எடுத்தாய். நான் வாளியைத் தூக்கிப் பிடித்தேன். நீ வேண்டாம் என்று தலையை ஆட்டினாய். அந்தத் தொண்டையால், மச்சான், அதை விழுங்கினாய். என் உப்போடு விழுங்கினாய். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"சரி" என்றாய்.

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பினாய். வியாழன் காலையில் பூசை மணி அடிக்கிற நேரம் ரீட்டா கத்தினாள்.

அந்தச் சரியைத்தான் ஏழு மாதமாக மென்றுகொண்டு இருக்கிறேன். "சரி" என்றால், அந்த மரத்துக் கள்ளுத்தான், நீ சரியாகக் கொண்டுவந்தாய் என்றா? "சரி" என்றால், காணும், இனி வேண்டாம் என்றா? "ஆள் சரி" என்று சொல்லுவோமே, முடிஞ்சுது என்று, அந்தச் சரியா? இல்லை, "சரிடா கள்ளா, பிடிச்சிட்டேன்" என்கிற சரியா? ஓட்டத்தில் இருக்கும்போது ஆட்கள் "அந்தச் சந்தியில நிப்பாட்டுங்க" என்பார்கள், என் வாய் "சரி" என்று சொல்லும், உடனே உன் சரிதான் காதில் கேட்கும். இரண்டு முறை சந்தியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இருக்க முடியாமல்தான் இந்த ஆவணியில் தனியாக வெளிக்கிட்டேன். உன் டென்டை ரீட்டாவிடம் கேட்டு வாங்கினேன். கொக்கைத் தொடவில்லை, கறை அழிந்துவிடும் என்று வேறு கிளாஸ் கொண்டுபோனேன். என் எண்ணம் இதுதான்: வழி நெடுகக் கள்ளை ருசி பார்ப்பது, கடைசியில் அந்தத் தனி மரத்துக் கள்ளையும் பார்ப்பது, அதுவும் தவறணைக் கள்ளும் ஒன்று போலத்தான் இருக்கிறது என்று எப்படியாவது என் நாக்குச் சொன்னால் காணும். ஒன்று போல இருந்தால் நீ ஏமாந்திருக்கலாம். நீ ஏமாந்து போயிருக்க வேண்டும் என்று ஆண்டவரை மன்றாடிக்கொண்டு போனேன். கூட்டாளி ஏமாந்து செத்திருக்க வேண்டும் என்று மன்றாடுகிறவனைக் கண்டிருக்கிறாயா?

பங்கதெனியவில் முதல் வாய் எடுத்தேன். விழுங்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. வண்டி ஓட்ட நான் மட்டும்தான். துப்பினேன்.

துப்பிவிட்டு ரோட்டோரத்தில் அப்படியே குந்திவிட்டேன். நீ துப்புவதை ஏதோ வெள்ளைக்காரப் பெருமை என்று எத்தனை வருசம் நக்கல் அடித்தேன். இத்தாலியில் அந்த ஓட்டைக் காரில் உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் இருக்கவில்லை. அவ்வளவுதான் விசயம். தனியாகப் போகிறவன் துப்பத்தான் வேண்டும். ஒன்பது வருசத்துப் பழக்கம், நான் பக்கத்தில் இருந்தும் உனக்கு விடவில்லை. கடைசி நாள் மட்டும் விழுங்கினாய். இனி ஓட்டுவதற்கு ஒரு வழியும் இல்லை என்று தெரிந்துதானே விழுங்கினாய்.

பாலாவியில் நானா தூரத்திலேயே கண்டுவிட்டார். "வாங்க வாங்க. எங்க மற்ற ஆள்?"

"பின்னால வாறான் நானா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. வாய் தானாகச் சொன்னது. இரண்டு தேத்தண்ணி வந்தது. ஏலக்காய் மணத்தோடு உன்னுடையது வாங்கில் இருந்து ஆறியது. நான் என்னுடையதைக் குடித்துவிட்டு, நானா உள்ளே போன நேரம் ஓடிவந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். தனியாகப் போனால் பொய் சொல்லத் தேவையில்லை என்றாயே. பார், உன்னைக்கொண்டே பொய் சொல்லிவிட்டேன்.

எலுவன்குளத்தில் இறங்கினால் ஆற்று வளைவில் மரம் இல்லை. அடிக்கட்டை மட்டும், பிய்ந்துபோய், கறையான் பிடித்து.

மரியான் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் நெஞ்சில் சிலுவை போட்டார். "ரீட்டா தங்கச்சி போன் எடுத்துச் சொன்னா. செத்த வீட்டுக்கு வர ஏலாமப் போச்சுது தம்பி."

"அண்ணன், மரம்?"

"யானை தள்ளிப்போட்டுது. நத்தார் மழையோட."

"நத்தாருக்கா? அவன் மாசியில என்னிட்டக் கேட்டானே, இந்த மரத்துக் கள்ளு வேணும் எண்டு."

அவர் என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவருக்குத் தெரியும் தம்பி. மரம் விழுந்த கிழமையே நான் போன்ல சொல்லிட்டேன். மாசியில திரும்பக் கதைச்சார். குரல் வெளிய வரல்ல, தங்கச்சிதான் பக்கத்தில இருந்து வாங்கி வாங்கிச் சொன்னா. 'அவனை அனுப்புறேன். ரெண்டு நாள் அங்க பிடிச்சு வெச்சிருங்க. மரம் இல்லை எண்டதைக் கடைசியாச் சொல்லுங்க, இல்லாட்டி உடனே ஓடிவந்திடுவான்' எண்டார். நாங்க மீன் பொரிச்சு வெச்சுப் பாத்துக்கொண்டு இருந்தம். நீங்க வரவே இல்லையே."

"என்னத்துக்கு அண்ணன்? என்னத்துக்கு என்னை அனுப்பப் பாத்தவன்?"

"நானும் கேட்டேன். 'அவனுக்கு முன்னால இருமாம இருக்க இனி எனக்கு ஏலாது அண்ணன்' எண்டார். 'ரெண்டு நாள் இருமிட்டு வாறேன்' எண்டார்."

மச்சான்.

நான் சிரித்தேன். உண்மையாகச் சிரித்தேன், அந்த மனுசன் பயந்து போகிற அளவுக்கு. பிறகு, "அண்ணன், புளிப்புக்கு ஒரு தேசிக்காய் கிடைக்குமா, வாய் கைக்குது" என்றேன். அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். பனைக் கூட்டத்துக்கு அங்கால அவர் தலை மறைகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறைந்தது. அந்தக் கட்டையில் முகத்தை வைத்துக் கத்தினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டில் குரங்கெல்லாம் எழும்பிக் கத்தியது. ஒரு ஆளை அனுப்பிவிட்டு இருமுவது என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

டென்டை அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் அடித்தேன். விடிய மரியான் அண்ணன் வேறு மரத்துக் கள்ளுக் கொண்டுவந்தார். அப்போதைக்கு வண்டி ஓட்டத் தேவையில்லை, பகல் முழுக்கக் கிடந்து எழும்பலாம், விழுங்கலாம். உருட்டினேன். இனிப்பு வந்தது, புளிப்பு வந்தது. கடைசியில் உப்பும் வந்தது, ஆனால் அது மரத்து உப்பு இல்லை. விழுங்க ஏலவில்லை. துப்பினேன். "இப்ப நீங்களுமா?" என்றார் மரியான் அண்ணன், பகிடியாக இல்லை.

மறுநாள் திரும்பி வரும்போது பாலாவியில் நிற்பாட்டி நானாவிடம் உள்ளதைச் சொன்னேன். மனுசன் கேத்திலை இறக்கி வைத்தார்.

"முந்தநாளே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க ஒரு தேத்தண்ணிதானே ஊத்தியிருப்பீங்க நானா."

அவர் இரண்டு ஊற்றினார். ஒன்றை எனக்குத் தந்துவிட்டு மற்றதைத் தான் எடுத்துக்கொண்டு, கள்ளு மணக்கிற என் பக்கத்திலேயே வெளி வாங்கில் வந்து இருந்தார்.

இப்போது எனக்குத் தெரிகிறவை இவ்வளவும். கள்ளு அந்த மரத்துக் கள்ளு இல்லை என்பது, நீ வாயில் வைக்க முதலே உனக்குத் தெரியும். நான் பொய் சொல்கிறேன் என்பதும் தெரியும். அது போகட்டும், நான் பொய் சொல்லாத நாள் எது? நான் மன்றாடுவது வேறு ஒன்றுக்கு. நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரிந்ததா? வேறு எங்கேயோ போய்ச் சுற்றிவிட்டு, வழியில் ஒரு கள்ளைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று நினைத்தாயா? இல்லை, ஜன்னலால் அந்தச் சில்லைப் பார்த்தவுடனே, இது செங்கல், இவன் எங்கேயும் போகவில்லை, இரண்டு வேலிக்கு அங்கால கிடந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று விளங்கிவிட்டதா? எனக்கு மறைக்கத்தானே அவ்வளவு நாளும் நரம்பு புடைக்க இருமலை விழுங்கினாய். அந்த ஒன்றரை நாள் மட்டும்தான் ஆசை தீர இருமினாய். அதையும் நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தா போனாய்?

ரீட்டாவிடம் கேட்டேன். "அவர் வீலைப் பாத்தவர் அண்ணா. பாத்துச் சிரிச்சவர்" என்றாள். "எப்பிடிச் சிரிச்சவன்?" என்று கேட்டேன். "அவர் சிரிக்கிற மாதிரித்தான்" என்றாள். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது. மரம் பார்த்துச் சொல்லுகிற நாக்கு இருந்த உனக்கு, மண் பார்த்துச் சொல்லுகிற கண் இல்லாமல் போயிருக்க வேண்டும். தயவுசெய்து அப்படி இருந்திருக்க வேண்டும்.

பிலோ வாளியோடு வந்து திரையைத் தூக்குகிறாள். கிளாஸ் முடிந்து இப்போது வண்டி. குனிந்து மட்காட்டுக்குள்ளே பார்க்கிறாள். மாசியில் நான் பூசினது அடியில் காய்ந்துபோய்ப் பிடித்திருக்கிறது. ஆவணியில் போய் வந்த உண்மையான மண் அதற்குமேல் அப்பியிருக்கிறது. செங்கல் இடித்ததையும் கண்டவள் அவள், எலுவன்குளம் போனதையும் அறிந்தவள். விரலால் கீறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்கிறாள்.

"இதில எது செங்கல், எது மண்?"

குனிந்து நானும் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை மச்சான். இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் இருக்கிறது. இடித்துப் பூசினவனுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கழுவாதே" என்றேன். "கேட்டுச் சொல்றேன்."

அதுதான் கேட்கிறேன்.